கார்க் கண்ணாடியும் கறுப்பு ஃபிலிமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் கார்க் கண்ணாடி மாற்றித் தரும் கடை ஒன்றில் பில் போடும் மேசையில் உட்கார்ந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. வருபவர்களில் பெரும்பாலோர் கேட்பது அதே கேள்விகள்தான். அவற்றை அவரவர் கேட்டபடியே எழுதி, பதிலைக் கீழே தந்திருக்கிறேன். சட்டம் பற்றிய பகுதியைத் தமிழ்நாட்டில் வண்டி ஓட்டுபவர்களை மனத்தில் வைத்து எழுதினேன்.

சார், கண்ணாடியில் சன் ஃபிலிம் ஒட்டலாமா கூடாதா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் ஒட்டாதீர்கள். அவிஷேக் கோயங்கா என்பவர் தொடர்ந்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா தலைமையிலான அமர்வு அது. எந்த அளவு ஒளி ஊடுருவும் கறுப்பு ஃபிலிமாக இருந்தாலும், வேறு எந்தப் பொருளாக இருந்தாலும், வாகனத்தின் முன், பின், பக்கக் கண்ணாடிகளில் ஒட்டக்கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. 2012 மே 4 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது.

அந்த மே மாதம் எங்கள் கடை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்று ஃபிலிமை உரித்துக்கொண்டு போயின. தீர்ப்புக்குப் பிறகு விதியில் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. அதைச் செராமிக் ஃபிலிம் பற்றிய கேள்வியில் விளக்கியிருக்கிறேன்.

70 சதவீதம், 50 சதவீதம் என்கிறார்களே, அது எதன் கணக்கு?

கண்ணாடியின் மேல் விழும் வெளிச்சத்தில் எவ்வளவு உள்ளே கடந்து வருகிறது என்பதன் கணக்கு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 100-ஆம் விதிப்படி, முன்கண்ணாடியிலும் பின்கண்ணாடியிலும் குறைந்தது 70 சதவீத வெளிச்சம் கடந்து வர வேண்டும். பக்கக் கண்ணாடிகளில் குறைந்தது 50 சதவீதம்.

பலரும் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்தது. “பக்கக் கண்ணாடிக்கு 50 சதவீதம் அனுமதி, நான் 50 சதவீத ஃபிலிம்தானே ஒட்டினேன்?” என்பார்கள். சட்டம் ஃபிலிமை மட்டும் அளப்பதில்லை, கண்ணாடியையும் ஃபிலிமையும் சேர்த்து அளக்கிறது. ஃபிலிம் இல்லாத கண்ணாடியே முழு வெளிச்சத்தையும் விடாது. அது 75 சதவீதம் விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் 50 சதவீத ஃபிலிம் ஒட்டினால் 75-இல் பாதி, அதாவது 37.5 சதவீதம்தான் உள்ளே வரும். 50-ஐத் தொட வேண்டுமானால் 70 சதவீத ஃபிலிமாவது வேண்டும், அப்போது 52.5 வரும். முன்கண்ணாடியில் நிலைமை இன்னும் இறுக்கம். 75 சதவீதக் கண்ணாடியில் 90 சதவீத ஃபிலிமை ஒட்டினால்கூட 67.5 ஆகி, 70-க்குக் கீழே போய்விடும்.

கம்பெனியிலிருந்து வரும்போதே கண்ணாடி பச்சையாகத்தானே இருக்கிறது? அது மட்டும் தப்பில்லையா?

தப்பில்லை. அந்தப் பச்சை கண்ணாடிக் கலவையிலேயே சேர்ந்த இரும்பின் நிறம். வெப்பக் கதிர்களில் ஒரு பங்கை அது உறிஞ்சும். தயாரிப்பாளர் 70-50 அளவுக்கு உட்பட்டு நிறக் கண்ணாடி செய்து பொருத்தலாம் என்பதை 2012 தீர்ப்பும் ஏற்றுக்கொண்டது. அந்தக் கண்ணாடியின் மேல் பிறகு ஒன்றை ஒட்டுவதைத்தான் தடுத்தது.

முன்கண்ணாடியின் மேல் விளிம்பில் பட்டையாகத் தெரியும் நிறமும் தயாரிப்பிலேயே வந்தது என்றால் கவலை இல்லை. கடையில் வாங்கி ஒட்டிய பட்டை என்றால் அது வேறு கணக்கு.

இரவில் உள்ளேயிருந்து பார்க்க நன்றாகத்தான் தெரிகிறது. பிறகு என்ன ஆபத்து?

நன்றாகத் தெரிவதாகத் தோன்றும், விளக்கு உள்ள பொருள்கள் தெரிவதால். தெரியாமல் போவது விளக்கில்லாதவைதான்: சாலையோரம் நடக்கும் முதியவர், பின்விளக்கு எரியாத சைக்கிள், குறுக்கே வரும் மாடு. பகலில் வரும் வெளிச்சத்தில் பாதி போனாலும் கண் சமாளித்துக்கொள்ளும். இரவில் இருப்பதே கொஞ்சம். அதிலும் பாதியை எடுத்துவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் மிஞ்சாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பின்னால் வருவதைக் காட்டும் வெளிப்பக்கக் கண்ணாடியை (சைடு மிரர்) நீங்கள் கதவுக் கண்ணாடியின் வழியாகத்தான் பார்க்கிறீர்கள். கதவுக் கண்ணாடி கறுத்தால் பின்னால் வருபவரும் கறுத்துப் போகிறார். ஒருநாள் மாலை ஏழு மணிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டிய வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, இடப்பக்க மிரரைப் பாருங்கள். பிறகு ஜன்னலை இறக்கிவிட்டு அதே மிரரைப் பாருங்கள். அந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகு கடையிலேயே ஃபிலிமை உரிக்கச் சொன்னவர்கள் உண்டு.

வெயில் தாங்க முடியவில்லை அண்ணா. பின் இருக்கையில் குழந்தை இருக்கிறது. கறுப்பு ஒட்டினால்தானே குளிர்ச்சியாக இருக்கும்?

இந்தக் கேள்வியைக் கேட்கும் தாய்மார்களின் கவலை எனக்குப் புரிகிறது. சித்திரை வெயிலில் நின்ற காரின் இருக்கை குழந்தையின் தொடையைச் சுட்டுவிடும். ஆனால் கறுப்பும் குளிர்ச்சியும் ஒன்றல்ல. சூரியனிலிருந்து வரும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். கறுப்புச் சாயம் முக்கியமாகத் தடுப்பது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை. அதுவும் வெளியே திருப்பி அனுப்புவதில்லை, தான் உறிஞ்சிக்கொள்கிறது. நண்பகலில் கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியின் உட்புறத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சுடும். உறிஞ்சிய சூட்டில் ஒரு பங்கு வண்டிக்குள்ளேதான் வருகிறது. கறுப்பு ஃபிலிம் வெப்பத்தைக் குறைக்கவே குறைக்காது என்று நான் சொல்லவில்லை. அது எவ்வளவு கறுப்போ அவ்வளவு குளிர்ச்சி என்ற கணக்கு தப்பு.

சட்டத்துக்குள் நின்று செய்யக்கூடியவை நிறைய. நிறுத்தும்போது முன்கண்ணாடிக்கு உட்புறம் வெள்ளி நிற மடிப்புத் திரையை வையுங்கள். உள்ளே வரும் வெயிலில் பெரும்பங்கு அந்த அகலமான கண்ணாடி வழியாகத்தான் வருகிறது. கிளம்பும்போது நான்கு ஜன்னல்களையும் இறக்கி ஒரு நிமிடம் ஓட்டுங்கள். தேங்கிய அனல் வெளியேறும். பிறகு ஜன்னலை மூடி, ஏசியை உள்காற்றையே சுழற்றும் நிலைக்கு மாற்றுங்கள். வெயில் விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் குழந்தையின் இருக்கையைப் பொருத்துங்கள். நின்ற வண்டிக்குள் குழந்தையை ஐந்து நிமிடம்கூடத் தனியே விட்டுப் போகாதீர்கள். எந்த ஃபிலிமும் அங்கே காப்பாற்றாது.

என் ஃபிலிம் கறுப்பே இல்லை, செராமிக். கண்ணுக்கே தெரியாது. அதற்கும் தடையா?

இங்கேதான் சட்டம் சிக்கலாகிறது. 2012 தீர்ப்பு வந்தபோது 100-ஆம் விதி ‘பாதுகாப்புக் கண்ணாடி’ என்று மட்டும் பேசியது. ஃபிலிம் தயாரிப்பாளர்கள் மறுபடி நீதிமன்றம் போனார்கள். 2012 ஆகஸ்டில் அவர்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை. பிறகு 2020-இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. 2021 ஏப்ரல் 1 முதல், பாதுகாப்புக் கண்ணாடியுடன் ‘பாதுகாப்பு கிளேசிங்’ என்ற சொல்லும் விதிக்குள் வந்தது. உட்புறத்தில் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடியும் அந்த வகைக்குள் வரும். அதற்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 2553 பகுதி 2, 2019 திருத்தம்.

இந்தத் திருத்தத்தை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். நகரேஷ் ஒரு தீர்ப்பு சொன்னார். 70-50 அளவுக்குள் இருக்கும், தரம் பெற்ற கிளேசிங்கைத் தயாரிப்பாளர் மட்டுமல்ல, வண்டியின் உரிமையாளரும் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். கவனியுங்கள்: ‘எந்த ஃபிலிமும் ஒட்டலாம்’ என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அளவும் தரமும் இரண்டும் வேண்டும்.

செராமிக் வகை ஃபிலிம் தொழில்நுட்பத்தில் உண்மையாகவே நல்லது. அகச்சிவப்பைத் தடுத்து வெளிச்சத்தை விடுகிறது. ஆனாலும் கேரளத் தீர்ப்பு கேரள அதிகாரிகளைத்தான் கட்டும். தமிழ்நாட்டில் சாலையில் நிறுத்தும் காவலர் 2012 தீர்ப்பைத்தான் கையில் வைத்திருப்பார். அவரிடம் ஐ.எஸ். எண்ணைச் சொல்லி வாதாடுவது உங்கள் பயணத்தைக் கெடுக்கும். அதனால் என் வாடிக்கையாளருக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றே சொல்கிறேன், வியாபாரம் போனாலும்.

பாலக்காட்டில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால்?

கேரள எல்லையில் உள்ள வாளையாரைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்தால் மேலே சொன்ன அதே நிலைமைதான். பில்லையும் தரச் சான்றையும் வண்டியில் வைத்திருங்கள். அவை உங்கள் நல்லெண்ணத்தைக் காட்டும். அபராதத்திலிருந்து தப்பிக்க அவை உத்தரவாதம் அல்ல.

பிடித்தால் எவ்வளவு அபராதம்?

மோட்டார் வாகனச் சட்டம் 177-ஆம் பிரிவின்படி முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்த முறைகளில் 1,500 ரூபாய் வரை. 2019 திருத்தத்துக்கு முன் இது 100, 300 என்று இருந்தது.

பணத்தோடு முடிவதில்லை. அபராதம் விதித்து, ஃபிலிமையும் அகற்ற வேண்டும் என்றுதான் 2012 தீர்ப்பு அதிகாரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. சாலையோரத்தில் அவசரமாகக் கத்தி வைத்துக் கிழித்த பின்கண்ணாடிகள் எங்கள் கடைக்கு வந்திருக்கின்றன. அதன் கதை உரிப்பது பற்றிய கேள்வியில்.

பெரிய மனிதர்கள் வண்டியெல்லாம் கறுப்பாகத்தானே போகிறது? எங்களுக்கு மட்டும்தான் சட்டமா?

உங்கள் கோபம் நியாயம். இசட், இசட் பிளஸ் என்ற உயர்நிலை அரசுப் பாதுகாப்பில் இருப்பவர்களின் வண்டிகளுக்கு மட்டும், காவல்துறைத் தலைமையும் உள்துறைச் செயலரும் அடங்கிய குழு பரிசீலித்து விலக்கு தரலாம் என்று தீர்ப்பில் இருக்கிறது. கட்சிக்கொடி கட்டிய வண்டிக்கோ, ‘அரசு’ என்று எழுதிய வண்டிக்கோ, அந்த எழுத்துக்காக எந்த விலக்கும் இல்லை. அப்படிப் போகும் வண்டிகள் பிடிபடாமல் போகின்றன, அவ்வளவுதான்.

எனக்குத் தோலில் பிரச்சினை. டாக்டர் சீட்டு இருந்தால் ஒட்டலாமா?

100-ஆம் விதியில் மருத்துவக் காரணத்துக்கென்று தனி விலக்கு எழுதப்படவில்லை. ஆனால் உங்களுக்குப் பயன்படும் ஒரு செய்தி இருக்கிறது. முன்கண்ணாடி இரண்டு அடுக்குக் கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது. அந்தப் படலம் புற ஊதாக் கதிரை ஏறத்தாழ முழுவதுமாகத் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் ஒற்றை அடுக்கு; புற ஊதாவில் ஒரு வகை அவற்றின் வழியே நிறையவே நுழையும். ஆகவே உங்களுக்கு வெயில் படுவது பக்கத்திலிருந்துதான். முழுக்கைச் சட்டை, கையுறை, மருத்துவர் சொல்லும் களிம்பு ஆகியவற்றோடு, வண்டி வாங்கும்போதே புற ஊதாவைத் தடுக்கும் பக்கக் கண்ணாடி உள்ள மாடலைக் கேட்டு வாங்குங்கள். சில மாடல்களில் தயாரிப்பிலேயே வருகிறது.

பின்கண்ணாடி முழுக்கக் குலதெய்வம் படம் ஒட்டியிருக்கிறேன். அதையுமா கேட்பார்கள்?

தீர்ப்பில் ‘வேறு எந்தப் பொருளும்’ என்று இருப்பதை முதல் பதிலிலேயே பார்த்தோம். கண்ணாடியின் ஓரத்தில் சிறிதாக ஒட்டிய பெயருக்காக யாரும் நிறுத்தி நான் பார்த்ததில்லை. கண்ணாடி முழுவதும் மறைந்தால் பின்னால் வருவது தெரியாது. 70 சதவீதமும் நிற்காது. சாமி படத்தை டிக்கியின் தகட்டில் ஒட்டுங்கள். அங்கே மழைக்கும் வைப்பருக்கும் கிழியாமல் நிற்கும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியில் கறுப்பு ஃபிலிம் இருக்கிறது. நானே உரிக்கலாமா?

பக்கக் கண்ணாடிகளில் உரிக்கலாம். நல்ல வெயிலில் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்துங்கள், அல்லது தலைமுடி காயவைக்கும் கருவியால் ஒரு மூலையைச் சூடாக்குங்கள். நகத்தால் மூலையைக் கிளப்பி, கண்ணாடியை ஒட்டினாற்போல மெதுவாக இழுங்கள். அவசரப்பட்டால் ஃபிலிம் வந்துவிடும், பசை நின்றுவிடும். நின்ற பசைக்குச் சோப்புத் தண்ணீர் தெளித்து, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள்.

பின்கண்ணாடியை மட்டும் கடைக்குக் கொண்டுவாருங்கள். அதில் படுக்கைவாட்டில் ஓடும் மெல்லிய பழுப்புக் கோடுகள் பனியை நீக்கும் சூட்டுக் கம்பிகள். கண்ணாடியின் உட்பரப்பில் பூசப்பட்டவை. கத்தி பட்டால் அறுந்துவிடும். ஒரு கோடு அறுந்தால் அந்த வரியில் பனி விலகாது. சாலையோரத்தில் கிழித்த வண்டிகளில் நான் பார்த்த சேதம் இதுதான். ஒரு வண்டியில் ஒன்பது கோடுகளில் ஆறு போயிருந்தன.

சிங்கப்பூரில் என் தம்பி வண்டியில் பின்னால் நல்ல கறுப்பு. அங்கே சட்டம் கடுமையான ஊர் ஆயிற்றே?

அங்கே விதி வேறு. சிங்கப்பூரில் முன்கண்ணாடிக்கும் முன்பக்க ஜன்னல்களுக்கும் 70 சதவீதம், பின் பகுதிக்கு 25 சதவீதம். மலேசியாவில் 2019 முதல் முன்கண்ணாடிக்கு 70, முன் ஜன்னல்களுக்கு 50, பின் பகுதிக்கு வரம்பே இல்லை. ஓட்டுநர் பார்க்கும் திசையைத் தெளிவாக வைத்து, பின் இருக்கைக்கு நிழல் தரும் இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. நம் நாட்டில் அப்படி இல்லை. வண்டிக்குள் நடக்கும் குற்றங்கள் வெளியே தெரியாமல் போவது 2012 வழக்கின் மையமாக இருந்தது. பின் இருக்கையும் தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

லாரியிலிருந்து கல் தெறித்து முன்கண்ணாடியில் ஒரு பொட்டு விழுந்துவிட்டது. கண்ணாடியையே மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம், சீக்கிரம் வந்தால். பொட்டு ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கி, விளிம்பிலிருந்து தள்ளியிருந்து, உட்புற அடுக்கைத் தொடாமல் இருந்தால் பிசின் செலுத்திச் சரிசெய்யலாம். பொட்டுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, அந்த இடத்தில் பிசினை நிரப்பி, புற ஊதா விளக்கைக் காட்டி இறுக வைப்போம். தழும்பு லேசாகத் தெரியும். கோடு ஓடுவது நிற்கும். அந்தத் தழும்பு ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக வரும் என்றால் மட்டும், பொட்டு சிறிதானாலும் மாற்றச் சொல்வேன்.

கல் பட்டவுடன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்த இடத்தைத் துடைத்து, ஒளி ஊடுருவும் டேப் ஒட்டுங்கள். பொட்டுக்குள் தூசியும் தண்ணீரும் போனால் பிசின் பிடிக்காது. வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் ஏசியின் குளிர்காற்றை முழு வேகத்தில் அடிக்காதீர்கள். ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிருமாக இழுக்கும்போது பொட்டிலிருந்து கோடு ஓடும். காலையில் பொட்டோடு கிளம்பி, மாலையில் முழ நீளக் கோட்டோடு வந்து நிற்பவர்கள் கோடைக்காலம் முழுக்க வருகிறார்கள்.

பக்கக் கண்ணாடி உடைந்தால் பொடிப்பொடியாகக் கொட்டுகிறது. முன்கண்ணாடி மட்டும் ஏன் கொட்டுவதில்லை?

இரண்டும் வேறு வேறு பொருள்கள். பக்கக் கண்ணாடியை நன்றாகச் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிர்விக்கிறார்கள். அதனால் மேற்பரப்பு இறுகி நிற்கும். ஓரிடத்தில் உடைந்தால் முழுவதும் கல்கண்டு போலச் சிறு துண்டுகளாகிவிடும். வாள் போன்ற சில்லு வராது. முன்கண்ணாடியில், முன்னே சொன்னபடி, இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலம். உடைந்தாலும் துண்டுகள் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இதன் தொடக்கம் ஒரு தற்செயல். 1903-இல் எடுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளரின் கைதவறி ஒரு குடுவை விழுந்தது. விரிசல் விட்டதே தவிரச் சிதறவில்லை. முன்பு அதில் இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் காய்ந்து உட்புறம் படலமாகப் படிந்திருந்தது. அதிலிருந்து அவர் அடுக்குக் கண்ணாடியை உருவாக்கினார்.

கம்பெனிக் கண்ணாடியே வேண்டுமா, வெளிக் கண்ணாடி போதுமா?

பெயரைவிட மூலையில் உள்ள முத்திரையைப் பாருங்கள். கண்ணாடியின் கீழ் மூலையில் தயாரிப்பாளர் பெயர், ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஐ.எஸ். 2553 என்ற எண், அடுக்குக் கண்ணாடி என்ற குறிப்பு எல்லாம் அழியாதபடி பொறித்திருக்க வேண்டும். நம் ஊர் வண்டிகளில் அசாஹி இந்தியா, செயின்ட் கோபேன் செக்யூரிட் ஆகிய பெயர்களை அதிகம் பார்க்கலாம். வண்டி கம்பெனிக்குக் கண்ணாடி தருகிற தயாரிப்பாளரே கம்பெனிச் சின்னம் இல்லாமல் வெளிச்சந்தைக்கும் தருவதுண்டு. விலை குறையும், தரம் குறையாது.

முத்திரை இல்லாத கண்ணாடியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பொருத்துவதற்கு முன் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அதன் வழியாக ஒரு மின்கம்பத்தைப் பாருங்கள். தலையை அசைக்கும்போது கம்பம் நெளிந்தால், அந்த நெளிவு நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரத்தில் தலைவலியாக மாறும்.

மாற்றி முடித்த உடனே வண்டியை எடுத்துக்கொண்டு போகலாமா? ஊருக்குப் போக வேண்டும்.

இதில்தான் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. இப்போதைய கார்களில் முன்கண்ணாடி பாலியூரித்தேன் பசையால் வண்டியின் உடலோடு ஒட்டப்படுகிறது. வண்டி கவிழ்ந்தால் கூரை அமுங்காமல் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. பக்கத்து இருக்கையின் ஏர்பேக் விரியும்போது பல வண்டிகளில் முன்கண்ணாடியில் முட்டித்தான் பயணியை நோக்கித் திரும்புகிறது. பசை இறுகாத கண்ணாடி அந்த அடியில் பெயர்ந்து போய்விடும்.

எங்கள் கடையில் வேலை நடப்பதைப் பாருங்கள். இருவர் எதிரெதிரே நின்று, மெல்லிய எஃகுக் கம்பியை இரம்பம் போல இழுத்துப் பழைய பசையை அறுப்பார்கள். கண்ணாடியைத் தூக்கியதும் மூத்த ஃபிட்டர் கண்ணாடி உட்காரும் சட்டகத்தின் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பார். துருப் பொடி விரலில் ஒட்டினால் வேலை அங்கேயே நிற்கும். துருவைச் சுரண்டி, பிரைமர் பூசி, அது காய்ந்த பிறகுதான் பசை. துருவின் மேல் பசை இழுத்தால் ஒட்டுவது துருவோடுதான், வண்டியோடு அல்ல. அடுத்த ஐப்பசி மழையில் கால்மிதியில் தண்ணீர் நிற்கும்.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பசையைப் பொறுத்தது. சிலவற்றுக்கு ஒரு மணி நேரம், சிலவற்றுக்கு அரை நாளுக்கும் மேல். பசை உறையில் அச்சிட்டிருக்கும், காட்டச் சொல்லிப் பாருங்கள். அன்று முழுவதும் ஒரு ஜன்னலை விரற்கடை அளவு இறக்கி வையுங்கள். எல்லாம் மூடியிருக்கும்போது கதவை அறைந்தால் உள்ளே அடைபடும் காற்று புதுக் கண்ணாடியை வெளியே தள்ளும். ஓரத்தில் ஒட்டிய டேப்பை மறுநாள் வரை எடுக்காதீர்கள். இரண்டு நாளைக்குப் பீய்ச்சித் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டாம்.

அம்பாசடர் வைத்திருக்கிறேன். எனக்கும் இதெல்லாமா?

உங்கள் வண்டியில் கண்ணாடியைப் பிடித்திருப்பது ரப்பர் பீடிங். பசை காயும் கவலை இல்லை. பழைய பீடிங் வெடித்திருந்தால் கண்ணாடியோடு சேர்த்து அதையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒழுகும்.

கண்ணாடிக்கு மேலே நடுவில் கேமரா இருக்கிறது. அதைக் கழற்றி மாட்டினால் போதாதா?

போதாது. தானாகப் பிரேக் பிடிப்பது, தடக் கோட்டைக் கவனிப்பது போன்ற வேலைகளை அந்தக் கேமரா பார்க்கிறது. புதுக் கண்ணாடியில் அது இம்மியளவு சாய்ந்தாலும், தூரத்தில் பார்க்கும் இடம் பல அடி விலகிவிடும். கண்ணாடி மாற்றிய பிறகு கேமராவை மறுபடி அளவுபடுத்த வேண்டும். அதற்கான கருவி இருக்கிறதா என்று வேலை கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். எங்களிடம் இல்லாத மாடல்களைக் கம்பெனி சர்வீஸ் நிலையத்துக்கே அனுப்பிவிடுகிறோம்.

ஃபாஸ்டேக்கைப் பழைய கண்ணாடியிலிருந்து உரித்து ஒட்டிக்கொள்கிறேனே?

உரித்தால் உள்ளிருக்கும் ஆன்டெனா கிழிந்துவிடும், வேலை செய்யாது. டேக் கொடுத்த வங்கியிடம் கண்ணாடி உடைந்ததைச் சொல்லி, மாற்று டேக் கேளுங்கள். கையில் பிடித்துக் காட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். கண்ணாடியில் ஒட்டாத டேக்குக்கு இரு மடங்கு சுங்கக் கட்டணம் என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2024-இல் அறிவித்தது.

இன்சூரன்ஸில் முழுசாகக் கிடைக்குமா? ஜீரோ டெப்ரிசியேஷன் இல்லையே என்னிடம்.

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தால், பலருக்கும் தெரியாத நல்ல செய்தி ஒன்று: கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத்தான் 50 சதவீதம் கழிப்பார்கள். ஆகவே கண்ணாடிக்காக மட்டும், தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் கூடுதல் பாதுகாப்பு தேவையில்லை. கட்டாயக் கழிவாக எஞ்சின் 1,500 சிசி வரை என்றால் 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். ஒட்டியிருந்த ஃபிலிமின் விலையைக் கேட்காதீர்கள். அது கண்ணாடியில் சேராது.

அப்படியானால் 7,000 ரூபாய் கண்ணாடிக்குக் கிளெய்ம் போட்டுவிடலாமா?

பொறுங்கள், முதலில் நோ கிளெய்ம் போனஸை, அதாவது கிளெய்ம் போடாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியை, கணக்குப் பாருங்கள். அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஆண்டுக்கு ஆண்டு ஏறும். ஒரு கிளெய்ம் போட்டால் சுழியத்துக்கு இறங்கிவிடும். சொந்தச் சேதப் பிரீமியம் 10,000 ரூபாய் என்றும், இப்போது 35 சதவீதத்தில் இருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். கிளெய்ம் போடாவிட்டால் அடுத்த ஆண்டு 45 சதவீதம் கழியும். போட்டால் ஒன்றும் கழியாது. 4,500 ரூபாய் கூடுதல். அதற்கடுத்த ஆண்டுகளில் வித்தியாசம் 3,000, 2,500, 1,500, 500. ஐந்தாண்டில் மொத்தம் 12,000 ரூபாய். கழிவு போக 6,000 ரூபாய் வாங்குவதற்காக 12,000 ரூபாய் கொடுக்கிறீர்கள்.

போனஸ் இல்லாதவரும், விலை உயர்ந்த கண்ணாடி உள்ளவரும் கிளெய்ம் போடுவது சரி. போனஸைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் பாலிசியைப் படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மழைத் தண்ணீரில் வண்டி மாட்டிக் கதவு திறக்காவிட்டால் எந்தக் கண்ணாடியை உடைப்பது?

பக்கக் கண்ணாடியை. முன்கண்ணாடியில் நேரத்தை வீணாக்காதீர்கள். படலம் பிடித்துக்கொள்வதால் அது உடைந்தாலும் வழி விடாது. தண்ணீர் ஏறத் தொடங்கும்போதே பெல்ட்டைக் கழற்றி ஜன்னலை இறக்கிப் பாருங்கள். மின்சாரம் போவதற்குள் இறங்கிவிடலாம். இறங்காவிட்டால் கண்ணாடியின் நடுவில் குத்தாமல், கீழ் மூலையில் குத்துங்கள். கூர்முனை உள்ள சிறு சுத்தியல் நூற்றுக்கணக்கான ரூபாயில் கிடைக்கிறது.

பக்கக் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டியிருந்தால் உடைந்த துண்டுகள் கொட்டாமல் படலத்திலேயே தொங்கும், அவற்றைக் கிழித்துத் தள்ள வேண்டியிருக்கும். சில புது மாடல்களில் பக்கத்திலும் அடுக்குக் கண்ணாடி வருகிறது. உங்கள் வண்டியில் எது என்பதை மூலை முத்திரையைப் பார்த்து இன்றே தெரிந்துகொள்ளுங்கள். சுத்தியலை டிக்கியில் போடாமல், பெல்ட் போட்டபடி கைக்கு எட்டும் இடத்தில் மாட்டி வையுங்கள்.